ஓடுபாதையில் நாய் இருக்காது

அன்பு மகனுக்கு,

ஒன்பது நாள் விவாதத்துக்கும், ஒரு வெளிநடப்புக்கும், உன் அப்பா இரண்டு முறை டேப் வைத்து அளந்ததற்கும் பிறகு, ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியைக் கிழக்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவருக்கு மாற்றுவது என்று செவ்வாய்க்கிழமை காலை முடிவாகிவிட்டது. உன் கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் ஹாலில்தான் பாய் விரித்துப் படுப்பார்கள், யாராவது தூக்கத்தில் கால் நீட்டினால் கண்ணாடி போய்விடும் என்பது அப்பாவின் கட்சி. வடக்குச் சுவருக்கு வெளியேதான் ரயில் பாதை ஓடுகிறது, டாக்குரியா ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு லோக்கல் ரயிலுக்கும் அலமாரிக்குள் இருக்கும் பதினான்கு பிளாஸ்டிக் விமானங்களும் ஆடும் என்பது என் கட்சி. வெளிநடப்புச் செய்தது நான்தான், பால்கனி வரைக்கும். கடைசியில் ஒவ்வொரு தட்டிலும் கம்பளித் துணி விரிப்பது என்ற திருத்தத்துடன் தீர்மானம் நிறைவேறியது. மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு பிமல்தாவுக்கும் முறைப்படி தெரிவிக்கப்பட்டது. அவர் சற்று யோசித்துவிட்டு, இம்மாதிரி விஷயங்களில் அவசரப்படக் கூடாது என்று கருத்துச் சொன்னார்.

அன்று மத்தியானமே ஹல்தியாவிலிருந்து உன் கடிதம் கூரியரில் வந்தது. நான்கு பக்கம். மாலினிக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் சேர வேண்டும். நீ உன் வேலையை விட்டுவிட்டு அவளுடன் போவதா, அல்லது அவள் அந்த வேலையை விட்டுவிட்டு நம்முடன் கொல்கத்தாவிலேயே இருப்பதா? "நீயே யோசிச்சு ஒரு முடிவு சொல்லும்மா, நான் அவகிட்ட சொல்லிடுறேன்" என்று முடித்திருந்தாய். அலமாரிக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்ட வீட்டுக்கு, இரண்டு பேருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்க நீ கொடுத்திருந்த அவகாசம் சனிக்கிழமை வரை. அதுகூடப் பரவாயில்லை. கடிதத்தின் நான்கு பக்கங்களிலும் இடது ஓரத்தில் இரண்டு அங்குலம் மார்ஜின் விட்டிருந்தாய். பள்ளிக்கூட நாளிலிருந்தே நீ எழுதும் எதிலும் நான் திருத்துவதற்காக அந்த இடத்தை விட்டுவைப்பாய். இருபத்தாறு வயதில், உன் கல்யாணத்தைப் பற்றிய கடிதத்திலும் விட்டிருக்கிறாய். அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பென்சில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நீ கடிதத்தில் எழுதாத ஒன்றையும் நான் அறிவேன். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலினி இங்கே வந்திருந்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து காளிகாட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பம் என்பதால், அவள் தமிழ் பேசினாலும் வங்க மொழியில் யோசிப்பதுபோல் ஒரு ராகம் இருக்கும். என்னைப் பாதி நேரம் ஆன்ட்டி என்பாள், நினைவு வந்தால் அத்தை என்பாள். அன்றைக்கு இரண்டையும் கலந்து பேசினாள்.

"ஆன்ட்டி, நான் இவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னார்."

"அதுல என்னம்மா தப்பு?"

"தப்புன்னு சொல்லல அத்தை. ஆனா அப்ப நான் யாரைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்? உங்களையா?"

உன் அப்பா கையிலிருந்த பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றேன். "ஆனா எனக்கு ஏற்கெனவே ஒண்ணு ஆயிருச்சு."

சிரித்தாள். சிரித்து முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகையை இப்ப அடிக்கக் குடுக்காதீங்க அத்தை" என்றாள். "திருச்சின்னாலும் சரி, கொல்கத்தான்னாலும் சரி. அவர் வாயால வரணும். அவரோட பதிலா வரணும். வரலைன்னா வேணாம், விட்டுடலாம். எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல." செருப்பை மாட்டும்போது நின்று, இன்னொன்றும் கேட்டாள். "போன வருஷம் எனக்கு இங்கிலீஷ்ல ஒரு மெயில் போட்டார். ரொம்ப அழகா இருந்தது. அதுல ரெண்டு செமிகோலன். அது உங்களதா?"

"ஒண்ணுதான் என்னோடது" என்றேன். உண்மைதான். இன்னொன்று என்னைப் பார்த்து நீ கற்றுக்கொண்டது.

ஆகவே நிலைமை உனக்குத் தெரிந்திருக்கட்டும். பத்திரிகையின் மாதிரிப் பிரதி என் மேசை டிராயரில் இருக்கிறது, அச்சகத்துக்குப் போகவில்லை. உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, அதை எழுதப் போவதில்லை. அப்பாவிடம் கேட்டும் பயனில்லை, அவரிடம் இருப்பதும் என் பதில்தான். அதற்குப் பதிலாக அந்த இரண்டு அங்குல மார்ஜின் எப்படி வந்தது என்று எழுதுகிறேன். அதை உண்டாக்கியது நான். உனக்கு அது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக நாம் இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு, ஹாலில் இருக்கும் அலமாரியைச் சுற்றிப் போவதுபோல் போய்வந்துகொண்டிருக்கிறோம்.

நான் வேலை பார்த்தது மத்திய அரசின் வரைபட அலுவலகம் ஒன்றில். பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். நான் பெண் என்பதை அரசாங்கம் கடைசி வரை பொருட்படுத்தவில்லை. முதல் பத்து வருடம் ஆறுகளை நீல மையிலும் ரயில் பாதைகளைக் கறுப்பு மையிலும் வரைந்தேன். அதன் பிறகு மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்க்கும் வேலை. ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் இரண்டு கட்டம் இருக்கும், 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்று. இரண்டாவது கட்டத்தில் நான் சுருக்கொப்பம் போட வேண்டும். ஒரு பிழையும் இல்லை என்று ஒப்பமிட்டால் மேலதிகாரி நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், இவள் தாளைப் பிரித்தே பார்க்கவில்லை போலிருக்கிறது என்று. அதனால் பிழையில்லாத தாளிலும் ஒரு பிழையைக் கண்டுபிடிப்பது எங்கள் பிரிவின் மரபு. இந்தத் திறமையைச் சாயங்காலம் ஆபீஸிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

உன் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு நீ கேட்டது சைக்கிள். "ஏல, கரியாஹாட்ல மனுசனே நடக்க முடியல, நீ சைக்கிள எங்கல கொண்டு ஓட்டுவ?" என்று கேட்டுவிட்டு, அப்பா நியூ மார்க்கெட்டுக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டியின் மேல் ஒரு போர் விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. உள்ளே விமானம் இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில், கொடியில் காய் தொங்குவதுபோல் ஐம்பத்துச் சொச்சம் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஏமாற்றத்தை நீ மறைத்த விதத்தை இன்றைக்கும் மெச்சுகிறேன். வழிமுறைத் தாள் ஜப்பானிய மொழியில் இருந்தது. அப்பா அதை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னத்த எழுதிருக்கான்னு அவனுக்கே தெரியாது" என்று என்னிடம் நீட்டினார். எனக்கு எழுத்து தெரியவில்லை, படம் தெரிந்தது. எந்தத் துண்டு எதற்குள் போகிறது என்று கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் அந்த மாதிரிப் படங்களைப் பார்ப்பதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அசல் விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்தக் கணக்குப்படி அப்பாவின் உயரம் இரண்டரை சென்டிமீட்டர்கூட வராது என்று நீ அளந்து சொன்னாய். அந்த அளவில் அவரோடு வாழ்க்கை நடத்துவது சுலபம் என்றேன். அப்பா சிரித்தார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிரித்த நாட்கள் நம் வீட்டில் அதிகம் இல்லை என்பதால் இது நன்றாக நினைவிருக்கிறது.

அந்த விமானத்தையும் அடுத்ததையும் நாம் இருவரும் சேர்ந்து செய்தோம். அது நல்ல காலம். நம் சாப்பாட்டு மேசை ரயில் போகும்போதெல்லாம் மெல்ல நடுங்கும், ஒட்டிய இறக்கை காய்வதற்குள் நகர்ந்துவிடும். அதனால் இரண்டு ரயில்களுக்கு நடுவில்தான் பசை தொடுவது என்று வைத்துக்கொண்டோம். நீ ஜன்னலில் நின்று, "டவுன் வண்டி போயாச்சும்மா, அடுத்த அப் வண்டி வர பதினோரு நிமிஷம்" என்று அறிவிப்பாய். பதினோரு நிமிடம் இருவரும் மூச்சைக்கூட அளந்து விடுவோம். மழைக்காலத்தில் பெயிண்ட் மூன்று நாளானாலும் பிசுபிசுக்கும் என்று, பிஸ்கட் டின்னில் நாற்பது வாட் பல்பைப் பொருத்தி, அதற்குள் விமானத்தை வைத்துக் காயவைத்தோம். வால் நுனியிலிருந்து கழுத்து வரை போகும் வயர்லெஸ் கம்பிக்காக, மிச்சமான பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் வாட்டி இழுத்தால் தலைமுடி மாதிரி நூல் வரும் என்று கண்டுபிடித்தது நீதான். நான் இழுத்தால் அறுந்துவிடும். உன் கைக்கு மட்டும் வந்தது. இதை நான் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்வதில் என்ன பயன் என்று தெரியவில்லை, இருந்தாலும் பதிவாகட்டும்.

மூன்றாவது விமானத்தை நீ தனியாகச் செய்தாய். அதற்குக் காரணம் பிமல்தா. கப்பலில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், நம் பேட்டை கிளப்பின் நிரந்தரத் தலைவர், விமானங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம், அபிப்பிராயம் நிறைய. உலகப் போர் சமயத்தில் மைதானத்துப் பக்கம் ரெட் ரோடையே ஓடுபாதையாக வைத்துக்கொண்டு போர் விமானங்கள் கிளம்பின, சின்னப் பையனாக இருந்த நான் என் கண்ணால் பார்த்தேன் என்று உன்னிடம் ஒருநாள் சொன்னார். அது போதும் உனக்கு. டிசம்பரில் கிளப் நடத்தும் பொழுதுபோக்குக் கண்காட்சிக்கு, ரெட் ரோடில் நிற்கும் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்றைச் செய்வதாகப் பேர் கொடுத்துவிட்டாய். பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள், சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும் என்பது விதி. பதினொரு வயதில் நீ விதிகளை மதிப்பவனாக இருந்தாய். "நீ உள்ள வரக்கூடாதும்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டு பத்து நாள் வேலை செய்தாய். ரயில் போய்விட்டதா என்று நீயே ஜன்னலுக்கு ஓடி, நீயே திரும்பி ஓடிவரும் சத்தம் எனக்குக் கேட்கும்.

கண்காட்சியன்று உனக்கு ஆண்டுத் தேர்வு. மாலை நாலு மணிக்குள் மாதிரிகளைக் கிளப்பில் ஒப்படைக்க வேண்டும். நீ காலையில் பள்ளிக்கூடம் போகும்போது, "அம்மா, மேசை மேல இருக்கு, குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனாய். குடுத்துரு என்றுதான் சொன்னாய். நான் குடும்ப நிமித்தம் என்று காரணம் காட்டி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். விமானத்தை மேசையில் வைத்து, ஆபீஸ் பழக்கத்தில், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மேலிருந்தும் பார்த்தேன். இடது இறக்கை வலது இறக்கையைவிட ஒரு நூல் உயர்ந்திருந்தது, டவுன் லோக்கல் ஒன்று உன்னை முந்திக்கொண்டிருக்க வேண்டும். மூக்கில் உன் கட்டைவிரல் ரேகை பெயிண்டில் பதிந்திருந்தது. தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் வட்டச் சின்னம் ஒன்று சற்றுச் சாய்ந்திருந்தது. விமானத்துக்குக் கீழே அட்டையில் கறுப்பாகச் சாலை. சாலையின் நடுவில், புரொப்பெல்லருக்கு நேர் எதிரே, ஒழுகும் குழாயை அடைக்கும் பசைமாவில் செய்த ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. ஒரு நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருந்தது.

நான் சரிபார்த்தேன். இறக்கையை மெல்லிய பிளேடால் அறுத்தெடுத்து, அட்டையில் கோணம் வெட்டி முட்டுக்கொடுத்து மறுபடி ஒட்டினேன். ரேகையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்துப் புதிதாக வண்ணம் பூசி, பிஸ்கட் டின்னில் வைத்தேன். சின்னத்தைப் பிரித்து நேராக ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நேர்த்தியான மூன்று மணி நேர வேலை அது. கடைசியில் நாய் மிஞ்சியது. வழிமுறைத் தாளில் நாய் இல்லை. பெட்டியில் உள்ள படத்திலும் இல்லை. அதை இடுக்கியால் எடுத்து, பெயிண்ட் துடைத்த பஞ்சோடு குப்பையில் போட்டேன். இந்த ஒரு வரியை எழுதுவதற்காகத்தான் இவ்வளவு நேரம் அலமாரியையும் அரசாங்கத்தையும் சுற்றி வந்தேன்.

சாயங்காலம் நீ யூனிஃபார்மோடு நேரே கிளப்புக்கு வந்தாய். உன் பேர் எழுதிய அட்டைக்கு முன்னால் நின்று அந்த விமானத்தைப் பார்த்தாய். வேறு யாருடையதோ என்று நினைத்து, அட்டையில் இருந்த பேரை இன்னொரு முறை படித்தாய். இறக்கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நாய் எங்கம்மா?"

"ஓடுபாதையில நாய் இருக்காது தம்பி."

"ம்" என்றாய்.

பிறகு பிமல்தா மைக்கைப் பிடித்தார். முதல் பரிசு உனக்கு. பிரமாதம், பிரமாதம் என்பதை அவர் பாஷையில் தாருண், தாருண் என்று நான்கு முறை சொன்னார். அந்த இறக்கைகளின் கோணத்தைப் பாருங்கள், பதினொரு வயதுக் கை என்று நம்ப முடிகிறதா என்று சபையைக் கேட்டார். நம்ப வேண்டிய அவசியம் இல்லை என்பது அந்தச் சபையில் இரண்டு பேருக்குத் தெரியும். அதோடு அவர் உட்கார்ந்திருக்கலாம். வங்காளியின் கையில் மைக் இருக்கும்போது அப்படி நடப்பதில்லை. ரெட் ரோடு விமானங்களின் கதைக்குப் போனார். "அந்த விமானங்களைத் தாமதப்படுத்தியது எதிரிகள் என்றா நினைக்கிறீர்கள்? நாய்கள். ரோடு நடுவில் வெயிலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்காது. ஒரு சிப்பாய் கையில் கம்போடு முன்னால் ஓடி விரட்டுவான். அவன் விரட்டினால்தான் விமானம் கிளம்பும். நம் மாடிவீட்டு பௌதியின் மகன் மட்டும் இதில் ஒரு நாயை வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். நாய் இல்லாத குறைக்கு இரண்டு மதிப்பெண் பிடித்தம்." எல்லோரும் சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆபீஸில் என்னிடம் தாளைக் கொடுத்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று காத்திருக்கும் ஜூனியர்களின் பார்வை அது. எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை.

மறு வாரம் நீ ஒரு கட்டுரை எழுதி என்னிடம் கொண்டுவந்தாய். இடது பக்கம் மார்ஜின் விட்டிருந்தாய். "நீ பாத்துரும்மா, அப்புறம் ஃபேர் காப்பி பண்றேன்" என்றாய். அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் புரிந்துகொண்டது வேறு. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று திருநெல்வேலிக்கு டிரங்க் கால் போட்டு என் அக்காவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு கல்லூரியில் எந்தப் பாடம், எந்த வேலை, நேர்முகத் தேர்வுக்கு எந்தச் சட்டை என்று எல்லாமே இரண்டு அங்குல மார்ஜினோடு வந்தன. நான் சொன்னவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அதுதான் கஷ்டம். தவறாக இருந்திருந்தால் நீ எப்போதோ தப்பித்திருப்பாய்.

நீ அதற்குப் பிறகு பசையையும் பிளேடையும் தொடவே இல்லை. பரீட்சை, டியூஷன் என்றாய். நான் தொட்டேன். அலமாரியில் இருக்கும் மற்ற பதினொன்றும் முழுக்க முழுக்க என்னுடையவை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் விமானங்கள் இருந்தால் அவற்றைச் செய்தது பையன்தான் என்று விருந்தாளிகள் தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். சம்பந்தம் பேச அவர்கள் நம் வீட்டுக்கு வந்த அன்று மாலினியின் அப்பா அலமாரிக்கு முன்னால் நின்று, "தம்பிக்கு என்ன பொறுமை, என்ன பொறுமை" என்று உருகினாரே, அப்போது மாலினி உன்னிடம், "இதுல எது நீங்க பண்ணது?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. பதில் சொல்வதற்கு முன் நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன். அவள் நம் இருவரையும் பார்த்தாள். அவள் புள்ளியியல் படித்தவள், இரண்டு மூன்று புள்ளிகள் கிடைத்தால் அவளுக்குக் கோடு போடத் தெரியும்.

கல்யாணம் ஆகப்போகும் மகனுக்குப் பெற்றவர்கள் புத்தி சொல்ல வேண்டும் என்பது மரபு, அதை முழுக்க மீற எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே கொஞ்சம். ஒட்டியது காயும் வரை கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், சரியாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதால்தான் பாதி இறக்கைகள் கோணலாகின்றன. இதை உவமையாகச் சொல்லவில்லை, பசையைப் பற்றித்தான் சொல்கிறேன். மாலினி ஏதாவது செய்து உன் கையில் கொடுத்தால், முதலில் அது என்ன என்று பார், எப்படி இருக்கிறது என்று பிறகு பார்க்கலாம். உன் அப்பா முப்பது வருடம் என் பேச்சைக் கேட்டு நடந்தார், அதை எல்லோரும் அன்பு என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் அலமாரி விஷயத்தில்தான் முதன்முறையாக என்னை எதிர்த்து ஒன்பது நாள் தாக்குப்பிடித்தார். அந்த ஒன்பது நாளும் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை அவரிடம் சொல்லிவிடாதே.

இவ்வளவும் எழுதி முடித்து ஆறு நாள் ஆகிறது. அனுப்பாமல் வைத்திருந்ததற்குக் காரணம், சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போன் செய்தாய். அந்தப் பேச்சை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாயோ தெரியாது, நான் வைத்திருப்பது இப்படி.

"லெட்டர் போட்டியாம்மா?"

"எழுதிட்டேன். போடல."

"திருச்சியா, கொல்கத்தாவா?"

"அது அதுல இல்ல."

"நாலு நாளா எழுதுற, அது இல்லைங்கிற. அப்ப என்னதான் எழுதின?"

"நாயைப் பத்தி எழுதினேன்."

இங்கே ஒரு லோக்கல் முழுதாகப் போய் முடிந்தது. நான் பேசாமல் இருந்தேன். அப்படி இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்றால், அப்பா எனக்கு நெஞ்சுவலியோ என்று பயந்து தண்ணீர் எடுத்துவந்தார்.

"அப்ப நான் என்னம்மா பண்ணட்டும்?"

"தெரியல தம்பி."

பொய்தான். ஆனால் என் வாயிலிருந்து நீ அந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "சரி, வைக்கிறேன்" என்றாய். உன் குரலில் கோபம் இருந்தது. நல்லது.

நேற்று மாலினி வந்தாள். புதன்கிழமை நீ வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஹல்தியாவிலிருந்து பஸ் பிடித்து வந்ததையும், காளிகாட் மெட்ரோ வாசலில் அவளை ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கவைத்துப் பேசியதையும் சொன்னாள். நீ திருச்சிக்குப் போகிறாய். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாய். அங்கே உனக்கு வேலை எதுவும் இன்னும் பார்க்கவில்லை.

"மெயில்லாம் இல்ல அத்தை, நேர்லயே சொன்னார். பாதி தமிழ், பாதி பாங்ளா, ஒண்ணும் புரியல. அரை மணி நேரம் பேசினதையே திரும்பப் பேசினார்." அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த விதத்தை இங்கே வர்ணிக்க மாட்டேன், அது உனக்குரியது.

எனக்கு உடனே ஒன்பது ஆட்சேபணைகள் தோன்றின. முதல் ஆட்சேபணை, வேலை தேடிக்கொண்ட பிறகு ராஜினாமா செய்வதுதான் முறை. மற்ற எட்டையும் சொல்லப்போவதில்லை. டீ ஊற்றிக் கொடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு."

"சக்கரை போதுமான்னு கேக்க வந்தேன்."

"போதும்."

அப்பா போய்ப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மாலினி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். டிக்கெட்டும் நீயே வரிசையில் நின்று எடுத்திருக்கிறாய். கல்யாணம் முடிந்த நான்காம் நாள், சாந்த்ராகாச்சியிலிருந்து கிளம்பும் கோடைக்காலச் சிறப்பு வண்டி, சென்னையில் இறங்கி மாற வேண்டும். ஸ்லீப்பர் வகுப்பு. வெயிட்டிங் லிஸ்ட் நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று.